ஸ்பிரே டின் வேண்டாம்: ஸ்லோ குக்கருக்கு எண்ணெய் பூச ஒரு கொழும்பு வழிகாட்டி

லண்டனில் இருந்து வந்த மச்சாள் தன் பெட்டியில் பாதி இடத்தைக் கொடுத்துக் கொண்டுவந்த ஸ்லோ குக்கர் அது. மூன்றரை லீற்றர், பீங்கான் உள்சட்டி, கண்ணாடி மூடி. காலையில் வேலைக்குப் போகமுதல் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் பின்னேரம் வரும்போது கறி தயார் என்றாள். அதில் பொய் இல்லை. அவள் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். வெளிநாட்டுக் குறிப்புகளில் எதைத் திறந்தாலும் முதல் வரி "சட்டிக்குக் குக்கிங் ஸ்பிரே அடியுங்கள்" என்றே இருக்கும்.

அந்த ஒரு வரிக்காக நான் வெள்ளவத்தையில் தொடங்கிக் கொள்ளுப்பிட்டி வரை கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில், அமுக்கினால் எண்ணெய் பனிபோல வரும் அந்த டின் ஒன்று கிடைத்தது. விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன், பிறகு வெட்கத்தில் எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் போனதும் சட்டியின் மேல் விளிம்பைச் சுற்றி மஞ்சளும் மண்ணிறமுமாக ஒரு பசை வளையம். கழுவினால் போகவில்லை. கம்பி நாரை எடுத்துத் தேய்த்தேன். பசை போனது, அதோடு பீங்கானின் மினுக்கமும் போனது. இன்றைக்கும் அந்த இடத்தில்தான் முதலில் அடிப்பிடிக்கிறது.

மேல்மாடி மாமி சட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தோசைக்கல்லுக்கு என்னத்தால பூசுறனீ, பிள்ளை?"

"பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில தொட்டு, மாமி."

"பின்னை இதுக்கு மட்டும் என்ன லண்டன் மருந்து?"

அன்றோடு டின் வாங்குவதை விட்டேன். புதிதாக ஸ்லோ குக்கர் வாங்கியிருக்கிறீர்கள், அல்லது யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்றால், பூசத் தொடங்கமுதல் கீழே உள்ளதை ஒருதடவை வாசித்துவிடுங்கள்.

1. முதலில் பெட்டிக்குள் இருக்கும் கடதாசிகள்

எண்ணெய்க்கு வரமுதல் இதை முடியுங்கள், பத்து நிமிடம்தான். உங்களுக்கு மூன்று கடதாசிகள் வேண்டும்: பாவனைக் கையேடு, உத்தரவாத அட்டை, கடைப் பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டின் மை கொழும்பு ஈரப்பதத்தில் சில மாதங்களிலேயே மங்கிவிடும். வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கிறதா என்று கடையில் நிற்கும்போதே பாருங்கள். வீட்டுக்கு வந்தபிறகு பார்த்து அடுத்த சனிக்கிழமை திரும்பிப் போனவள் சொல்கிறேன்.

கையேட்டில் நீங்கள் தேடவேண்டியது இரண்டு விடயம். உள்சட்டி பீங்கானா, அல்லது ஒட்டாத பூச்சுப் போட்ட உலோகமா? இரண்டாவது வகையாக இருந்தால், ஏரோசல் ஸ்பிரே அடிக்கவேண்டாம் என்று பல கையேடுகளில் நேரடியாகவே எழுதியிருக்கும். அந்தச் சட்டிக்குப் பெரும்பாலும் எதுவுமே பூசத் தேவையும் இல்லை. அடுத்தது, சட்டியைப் பிரிட்ஜில் இருந்து எடுத்து நேரே சூட்டில் வைக்கலாமா என்பது. பீங்கானுக்கு அது ஆகாது.

பிறகு குக்கரைக் கவிழ்த்து அடித்தகட்டைப் பாருங்கள். கனடாவில் அல்லது அமெரிக்காவில் இருந்து வந்தது என்றால் 120 வோல்ட் என்று இருக்கும். இங்கே 230 வோல்ட். பிளக் அடப்டர் போட்டால் முள் மட்டும்தான் பொருந்தும், மின்னழுத்தம் மாறாது. செருகிய உடனே கருகும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்போமர் வாங்கலாம்தான். அதன் பாரம், இரைச்சல், விலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இங்கேயே ஒன்று வாங்குவது புத்தி. லண்டன் குக்கருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சதுர முள் 13 அம்பியர் பிளக், மின்னழுத்தமும் ஒத்துப்போகும். பழைய மாடிவீடுகளில் உருண்டை முள் சொக்கட்தான் இருக்கும், அதற்கு நல்ல அடப்டர் ஒன்று போதும். ஆனால் எட்டு மணித்தியாலம் ஓடவிடப்போகும் சாமானை நடைபாதையில் வாங்கிய மல்டிபிளக்கில் குத்தாதீர்கள்.

2. இந்தக் கறிக்குப் பூசத்தான் வேண்டுமா?

பாதிப் பேர் தவறுவது இங்கேதான். நானும் முதல் மாதம் ஆட்டெலும்பு ரசத்துக்கும் ஸ்பிரே அடித்தேன்!

தண்ணியாக இருக்கும் எதற்கும் பூசத் தேவையில்லை. சொதி, ரசம், எலும்புச் சூப், கோழிக்குழம்பு, பருப்பு, இறைச்சிக்கறி எல்லாம் இதில் அடங்கும். ஸ்லோ குக்கரின் சூடு அடியில் மட்டும் இருந்து வருவதில்லை, பக்கவாட்டில் இருந்தும் மெதுவாக வருகிறது. குழம்பின் வெப்பம் கொதிநிலையைத் தாண்டாது. நீர் இருக்கும்வரை அடிப்பிடிக்க வழியில்லை. தேங்காய்ப்பால் விட்ட கறி தன் எண்ணெயைத் தானே கக்கும், அதுவே சட்டிக்குப் பூச்சு. (ஒரு பக்கக் குறிப்பு: முதற்பாலைத் தொடக்கத்திலேயே விடாதீர்கள், ஆறு மணித்தியாலத்தில் திரிந்துபோகும். கடைசி அரைமணிக்கு விடுங்கள்.)

பூசவேண்டியது இவற்றுக்கு: பாற்சோறு, சக்கரைப் புக்கை, கஞ்சி, ஓட்ஸ், முட்டை சேர்ந்த எதுவும், சீஸ் போட்ட மக்கரோனி, கேக், பாண், பிரெட் புடிங். மாச்சத்து, முட்டை, சீனி, பால் இந்த நான்கில் இரண்டு சேர்ந்து நீர் குறைவாக இருந்தால் ஒட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, குழம்பாகத் தொடங்கி வற்றவைத்து முடிக்கும் கறிகள். பிரட்டல் வைக்கும்போது குழம்பு இறங்க இறங்க அது விட்டுப்போகும் கோட்டில் மசாலா காய்ந்து ஒட்டும். அடிக்குப் பூசாவிட்டாலும் அந்தக் கோட்டுக்குப் பூசுங்கள்.

3. டின்னுக்குள் என்னதான் இருக்கிறது

இதை அறிந்தால் மாற்று தேடுவது சுலபம். உள்ளே இருப்பது சாதாரணத் தாவர எண்ணெய், கொஞ்சம் லெசித்தின், எண்ணெயை வெளியே தள்ளப் புரொப்பேன் அல்லது பியூட்டேன் போன்ற வாயு. லெசித்தின் பெரும்பாலும் சோயாவில் இருந்து எடுப்பது. உணவு ஒட்டாமல் வழுக்குவது அதனால்தான். பசை வளையம் வருவதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. உணவு மூடாத மேல்பகுதியில் படிந்த லெசித்தினும் எண்ணெயும் மணிக்கணக்காகச் சூட்டில் இருந்து கெட்டியாகிப் பீங்கானோடு ஒட்டிவிடுகின்றன. என் சட்டிக்கு நடந்தது அதுதான்.

டின்னில் கலோரி பூச்சியம் என்று போட்டிருக்கும். அது கால் செக்கன் அடிக்கும் அளவுக்கான கணக்கு. மூன்றரை லீற்றர் சட்டியைச் சுற்றி அடிக்க மூன்று நான்கு செக்கன் வேண்டும், அதில் பூச்சியம் ஏது? சுவரிலும் தரையிலும் படிவது வேறு. டைல்ஸ் தரையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொள்ளப் பார்த்தது இந்த வீட்டில் நான் மட்டுமல்ல.

வெளிநாட்டில் இருந்து யாரும் வருவதாக இருந்தால் இதைக் கொண்டுவரச் சொல்லவே வேண்டாம். தீப்பிடிக்கக்கூடிய இந்த வகை டின்னைக் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியில் போட்டும் கொண்டுவர முடியாது. பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அடுப்பு எரியும்போது அருகில் நின்று அடிக்கவும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கடைப் பையோடு விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

4. எதைப் பூசுவது

கேட்டால் எல்லோரும் ஒரே எண்ணெயைச் சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். நான் ஏறத்தாழ எல்லாவற்றையும் பூசிப் பார்த்துவிட்டேன்.

தேங்காயெண்ணெய்தான் என் முதல் தெரிவு. கொழும்பில் அது எப்போதும் இளகியே இருக்கும், 24 பாகைக்குக் கீழே போனால்தான் உறையும். நுவரெலியாவில் இருக்கும் என் தோழிக்கு அது கட்டியாக இருப்பதே வசதி, விரலால் வழித்துப் பூசுகிறாள். "தேங்காயெண்ணெய் சூட்டில் புகைக்குமே" என்று கேட்பார்கள். சுத்திகரிக்காத எண்ணெய் புகைவது 175 பாகைக்குக் கிட்ட. சட்டிக்குள் இருக்கும் உணவு 100 பாகையோடு நின்றுவிடும். புகை பற்றி நினைக்கவே வேண்டாம். மணம்தான் யோசிக்கவேண்டியது. பாற்சோறு, வட்டிலப்பம், இனிப்புக் கஞ்சிக்கு அந்த மணம் அழகு. சீஸ் மக்கரோனிக்குப் பொருந்தாது.

வாங்கும்போது சிட்டையில்லாத உதிரி எண்ணெய் வேண்டாம். 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நச்சு இருப்பதாகக் கண்டுபிடித்துப் பெரிய பிரச்சினை ஆனது பலருக்கு நினைவிருக்கும். எஸ்எல்எஸ் (இலங்கைத் தரநிலை) சின்னம், காலாவதித் திகதி, அச்சிட்ட விலை மூன்றும் உள்ள போத்தலாக எடுங்கள். அச்சிட்ட விலைக்கு மேலே கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். பற்றுச்சீட்டு கையில் இருக்கவேண்டும்.

நெய், சக்கரைப் புக்கைக்கும் கேக்குக்கும். விலை உறைத்தாலும் வேலை நேர்த்தி. அதில் நீரும் இல்லை, பாலின் திடப்பொருளும் இல்லை. கருகி ஒட்ட ஏதும் இல்லை என்று பொருள்.

பட்டரில் அந்த இரண்டும் இருக்கின்றன. ஏறத்தாழ 80 வீதம்தான் கொழுப்பு, மீதி நீரும் பாலும். ஆறு மணித்தியாலம் போனால் அந்தப் பால் துணிக்கைகள் சட்டியின் ஓரத்தில் மண்ணிறப் புள்ளிகளாகப் பிடித்திருக்கும். இரண்டு மணித்தியாலத்தில் முடியும் கேக்குக்கு மட்டும் பட்டரை எடுங்கள். மாஜரினும் கிட்டத்தட்ட அதே கதை. ஆனால் அது வெளியில் வைத்தாலும் மிருதுவாக இருப்பதால் மூலை முடுக்கெல்லாம் பூசச் சுகம். நீண்ட நேரச் சமையலுக்கு நான் எடுப்பதில்லை.

நல்லெண்ணெய் மாமியின் கட்சி. வெள்ளவத்தைக் கடைகளில் நல்ல செக்கெண்ணெய் கிடைக்கும். கத்தரிக்காய்ப் பிரட்டலுக்கும் புளி சேர்ந்த எதற்கும் அதுதான் சரி. பாலும் சீனியும் சேர்ந்ததற்குப் பூசிப் பாருங்கள், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

சூரியகாந்தி, சோயா மாதிரி மணமில்லாத எண்ணெய்கள் எதற்கும் ஒத்துப்போகும். ஆனால் இவை தேங்காயெண்ணெயை விடச் சீக்கிரம் பசையாகிக் கெட்டிப்படும். டின்னுக்குள் இருப்பதும் இந்த வகைதானே! எடுத்தால் மிக மெல்லியதாகப் பூசுங்கள்.

5. எப்படிப் பூசுவது

ஸ்பிரேயின் கெட்டித்தனம் எண்ணெயில் இல்லை, மெல்லிய படலமாக விழுவதில்தான். அதைக் கையாலும் செய்யலாம், இரண்டு நிமிடம் போதும்.

சட்டி காய்ந்திருக்கவேண்டும். கழுவிய ஈரம் ஒரு துளி இருந்தாலும் எண்ணெய் அந்த இடத்தில் பிடிக்காமல் உருளும். சூடான சட்டியிலும் பூசாதீர்கள், எண்ணெய் வழிந்து அடியில் தேங்கும்.

மூன்றரை லீற்றர் சட்டிக்கு ஒரு தேக்கரண்டி. ஆறு லீற்றருக்கு ஒன்றரை. அதற்குமேல் ஊற்றக் கை துடிக்கும், ஊற்றாதீர்கள். எண்ணெயை அடியில் விட்டு, ஒரு துண்டு பருத்தித் துணியால் அல்லது சிலிக்கன் தூரிகையால் அடியில் இருந்து மேலே சுற்றிச் சுற்றி இழுங்கள். அடிக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வளைவில் விரலை வைத்து ஒரு சுற்று. அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பாற்சோறு ஒட்டுகிறது. உணவு எந்த மட்டத்துக்கு வரும் என்று பார்த்து அதற்கு மேலே இரண்டு விரல் உயரம் வரை பூசுங்கள். விளிம்புவரை போகவேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை. காய்ந்த துணி அல்லது டிசு ஒன்றால், பூசியதை எல்லாம் அழிக்கப்போவதுபோல ஒருதடவை துடைத்துவிடுங்கள். மினுக்கம் தெரியவேண்டும், துளி தெரியக்கூடாது. நான் இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாதம் போனது. கூடப் பூசினால் கூட வழுக்கும் என்று நினைத்திருந்தேன். கூடப் பூசிய எண்ணெய் கேக்கின் அடியில் ஊறி அதைப் பொரித்த வடை மாதிரி ஆக்கியது.

சிலிக்கன் தூரிகை புறக்கோட்டையில் கிடைக்கும். விலை பேசலாம். மயிர் வைத்த தூரிகை வேண்டாம், உதிர்ந்து பாற்சோற்றுக்குள் இருக்கும். துணியை ஒவ்வொரு தடவையும் தோய்த்துக் காயப்போடுங்கள். எண்ணெய்த் துணியை அலுமாரிக்குள் போட்டுவைத்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒரு கிழமையில் காறல் மணம் வரும். வெங்காயம் வெட்டும் நாட்களில் பாதி வெங்காயம் எல்லாவற்றையும் விட நல்ல தூரிகை. முள்ளுக்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, தேய்த்துவிட்டு அதையே கறிக்குள் போட்டுவிடலாம். கழுவ ஒன்றும் மிச்சமில்லை.

6. கேக்குக்கும் பாணுக்கும் எண்ணெய் மட்டும் போதாது

எண்ணெய், மாஜரின், கோதுமை மா மூன்றையும் சம அளவில் அடித்துக் குழைத்தால் ஒரு பசை வரும். ஒரு மேசைக்கரண்டி வீதம் எடுத்தால் இரண்டு மூன்று கேக்குக்குக் காணும், மூடிய போத்தலில் பிரிட்ஜில் வைக்கலாம். இதைப் பூசினால் மா தனியாகத் தூவத் தேவையில்லை. கேக் கவிழ்க்கும்போது முழுதாக இறங்கும். என் கணக்கில் டின்னை உண்மையாகவே தோற்கடிப்பது இது ஒன்றுதான்.

இந்தப் பசை பிடிக்காதவர்கள் எண்ணெய் பூசி, வறுத்த அரிசி மா அல்லது ரவை தூவலாம். சட்டியைச் சாய்த்துச் சுழற்றிவிட்டு மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிடுங்கள். ரவை அடியில் ஒரு மொறுமொறுப்பைத் தரும். எனக்குப் பிடிக்கும், வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

கேக் வைக்கும்போது மூடிக்குக் கீழே ஒரு சுத்தமான துணியை இழுத்துப் போடுங்கள், நுனிகளை மேலே மடித்துக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியில் சேரும் நீர் சொட்டி மேற்பக்கம் களியாகிவிடும். பிறகு அடி ஒட்டாமல் வந்து என்ன பயன்?

7. வாழையிலையும் கடதாசியும்

பூசுவதற்கே சோம்பல் என்றால் விரிக்கலாம். வாழையிலை ஒன்றை நெருப்பில் வாட்டி, நரம்பை மெல்லச் சீவி, சட்டிக்குள் இறக்குங்கள். வாட்டாத இலை மடிக்கும் இடத்தில் கிழியும். லம்பிறைஸ் சாப்பிட்டவர்களுக்கு இலையின் மணம் சோற்றில் இறங்குவது என்னவென்று தெரியும். பாற்சோற்றுக்கும் வேகவைத்த மீனுக்கும் அப்படித்தான். இலை வெள்ளவத்தைச் சந்தையில் கிடைக்கும், காலையில் போங்கள். இலைக்கு மேலே நாலு துளி எண்ணெய் தொட்டுவிட்டால் இன்னும் நல்லது.

கடதாசி என்றால் கேக் கடைச் சாமான் விற்கும் இடத்தில் பேக்கிங் பேப்பர் என்று கேளுங்கள். மெழுகுக் கடதாசி வேறு. அதன் மெழுகு சூட்டில் உருகி உணவில் இறங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், சுருளின் மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள். அதே கடதாசியை இரண்டு கீலமாக வெட்டிச் சிலுவைபோல விரித்து நுனிகளை வெளியே விட்டால், வெந்த கேக்கைத் தூக்கி எடுக்கப் பிடி கிடைக்கும்.

அலுமினியத் தாளும் போடலாம். ஆனால் புளி, கொறுக்காய், தக்காளி, எலுமிச்சை சேர்ந்ததற்கு வேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், ருசியும் கெடும்.

லஞ்ச் ஷீட்டைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், ஒருவர் விரித்ததைப் பார்த்தேன். அது பொலித்தீன். 2017 செப்டெம்பரில் தடைசெய்தும் இன்னும் கண்ணில் படுகிறது. ஆறு மணித்தியாலச் சூட்டில் அதை உணவோடு வைக்கக்கூடாது.

8. பம்ப் போத்தல் வாங்கலாமா?

ஸ்பிரே அடிக்கும் சுகத்தை விடமுடியாதவர்களுக்குக் கண்ணாடிப் பம்ப் போத்தல் இருக்கிறது. வாயு இல்லை, கையால் அமுக்குவது. நம் சொந்த எண்ணெயை நிரப்பலாம். நான் வாங்கினேன். முதல் கிழமை பனிபோல வந்தது, அதன்பிறகு தாரைதான். தூவும் துளை எண்ணெயில் அடைத்துவிடுகிறது. கிழமைக்கொருதடவை வெந்நீரும் சவர்க்காரமும் விட்டு அமுக்கிக் கழுவிக் காயவைத்தால் நின்று பிடிக்கும். கழுவும் பொறுமை உள்ளவர்கள் வாங்குங்கள். என்னுடையது இப்போது பூச்சாடிக்குத் தண்ணீர் அடிக்கிறது. வாங்கினால் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். செக்கு நல்லெண்ணெயும் விடாதீர்கள், அதன் கசடு துளையை உடனே அடைக்கும்.

9. செலவும் நேரமும்

750 மில்லிலீற்றர் போத்தலில் 150 தேக்கரண்டி எண்ணெய் இருக்கிறது. விலை நாளுக்கு நாள் மாறும் நாட்டில் நான் ஒரு தொகையை எழுதி வைப்பதில் பயனில்லை. உங்கள் கையில் உள்ள போத்தலின் விலையை 150 ஆல் வகுங்கள். போத்தல் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒருதடவை பூச 6 ரூபாய். கிழமைக்கு இரண்டு தடவை என்றாலும் ஒரு போத்தல் ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், அதற்குள் பொரியலுக்கு யாரும் எடுக்காவிட்டால்.

மின்சாரம்: என் குக்கர் 200 வாட். எட்டு மணித்தியாலம் முழுக்க இழுத்தாலும் 1.6 அலகு.

முதல் தடவையை வேலைநாளில் வைக்காதீர்கள். போயா நாளில், வீட்டில் நிற்கும்போது வையுங்கள். சின்ன அளவு பாற்சோறு நல்ல பரீட்சை. ஒரு சுண்டு பச்சையரிசியும் மூன்று சுண்டு தண்ணீரும் போட்டு, கூடிய சூட்டில் (ஹை) வைத்து, ஒன்றரை மணித்தியாலத்தில் திறந்து பாருங்கள். சோறு குழைந்ததும் முதற்பாலும் உப்பும் விட்டு இன்னும் அரைமணி. நேரம் ஒவ்வொரு குக்கருக்கும் மாறும், நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டியது அதைத்தான். ஓரத்தில் எங்கே ஒட்டியது என்று பார்த்தால் அடுத்த தடவை எங்கே பூசவேண்டும் என்று தெரிந்துவிடும். வட்டிலப்பத்தை நேரே சட்டியில் ஊற்றாமல், எண்ணெய் பூசிய கிண்ணத்தில் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, சட்டிக்குள் பாதி உயரத்துக்கு வெந்நீர் விட்டு அதற்குள் வையுங்கள். அப்போது சட்டிக்குப் பூசும் வேலையே இல்லை, கிண்ணத்துக்கு அரைத் தேக்கரண்டி போதும்.

நீங்கள் இல்லாதபோது கரண்ட் போய் வந்திருந்தால், எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால், அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடுங்கள். இளஞ்சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த இறைச்சி நம்பத்தக்கதல்ல. எங்கள் வீட்டில் ஒரு மின்மணிக்கூடு குக்கருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது பூச்சியத்தில் மின்னினால் விடை தெரிந்துவிடும்.

10. ஒட்டியபிறகு, பசை பிடித்தபிறகு

சட்டி ஆறும்வரை பொறுங்கள். சூட்டோடு குழாய்க்குக் கீழே பிடித்தால் பீங்கான் வெடிக்கும். ஈரக் கருங்கல் மேடையில் வைத்தாலும் அதே ஆபத்து, ஒரு துணியை மடித்து அதன்மேல் வையுங்கள். ஆறியதும் இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் விட்டு ஊறப்போடுங்கள். இரவு ஊறினால் காலையில் மரக்கரண்டியால் தள்ளவே வந்துவிடும்.

பழைய ஸ்பிரேப் பசைக்கு அப்பச்சோடா. இரண்டு மேசைக்கரண்டியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வளையத்தின்மேல் அப்பி அரைமணி விடுங்கள். மிருதுவான ஸ்பொஞ்சால் வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரேதடவையில் போகாது. மூன்றாவது தடவையில் பொறுமை இழந்துதான் கம்பி நாரை எடுத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பீங்கான் மினுக்கம் போன இடத்துக்கு மருந்து இல்லை, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகப் பூசிச் சமாளிக்கிறேன். மினுக்கம் போனதோடு நிற்காமல் கீறல் வழியே வெடிப்பு ஓடத் தொடங்கினால் சட்டியை மாற்றிவிடுங்கள்.

வீட்டில் மிச்சம் இருக்கும் ஸ்பிரே டின்னை என்ன செய்வது? தீரும்வரை அப்பச்சட்டிக்கோ பேக்கிங் தட்டுக்கோ அடித்து முடித்துவிடுங்கள், அடுப்பு அணைந்திருக்கும்போது. காலி டின்னில் துளை போடாதீர்கள். முற்றத்தில் சருகு எரிக்கும் பழக்கம் உள்ள வீடு என்றால் அந்தக் குப்பைக்குள் அது போய்விடாமல் தனியாக எடுத்து வையுங்கள். காலி என்று நினைக்கும் டின்னிலும் வாயு மிச்சம் இருக்கும், நெருப்பில் விழுந்தால் வெடிக்கும்.